யோர்கோஸ் என்ற பெயரில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

ஜார்ஜ் என்றாலே வெள்ளைக்காரப் பெயர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் அது பரவலாகப் புழங்கத் தொடங்கியதே, 1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அரியணை ஏறிய பிறகுதான். பெயரின் சொந்த ஊர் கிரேக்கம். அங்கே ஏட்டில் யெயோர்யியோஸ், வாய்ப்பேச்சில் யோர்கோஸ். சிரியாக் மொழி வழியே கேரளத்துக்கு வந்து வர்கீஸ் ஆனதும் இதே பெயர்தான்.

குதிரையில் அமர்ந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜின் படத்தைப் பார்த்துவிட்டு, பெயருக்கு 'வீரன்' என்று பொருள் சொல்வதும் தவறு. நிலத்தைக் குறிக்கும் சொல்லும் வேலையைக் குறிக்கும் 'எர்கோன்' என்ற சொல்லும் சேர்ந்தது இது. உழவர் என்பதே பொருள். இன்றும் கிரேக்கத்தில் விவசாயி 'யெயோர்கோஸ்'தான், அழுத்தம் மட்டும் கடைசி அசையில் விழும். டிராகன் கதை புனிதர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது. நிலத்தை உழுகிறவனின் பெயர் என்பதே எனக்கு அதைவிடப் பெருமையாகப் படுகிறது.

ஜார்ஜியா நாட்டின் பெயர் இந்தப் புனிதரிடமிருந்து வந்தது என்பதையும் நம்ப வேண்டாம். அது பாரசீகர்கள் அந்த மக்களை அழைத்த பெயரிலிருந்து வந்தது.

அதிகம் பேர் சறுக்குவது வாழ்த்துச் சொல்லும் நாளில். கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள், அதாவது தங்கள் பெயருக்குரிய புனிதரின் திருநாள், பெரிது. யோர்கோஸின் பெயர்நாள் ஏப்ரல் 23. ஆனால் அந்தத் தேதி ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் விழுந்தால், விழா ஈஸ்டர் திங்களுக்குப் போய்விடும். 2024இல் கிரேக்கர்கள் கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் சபை ஈஸ்டர் மே 5. அதனால் யோர்கோஸ்களுக்கு மே 6தான் பெயர்நாள். காலண்டரில் ஏப்ரல் 23ஐ வட்டமிட்டு வைத்து, நோன்பு நடுவே வாழ்த்து அனுப்பினால் அவர் குழம்பிப் போவார். முதலில் அந்த வருடத்து ஈஸ்டர் தேதியைப் பாருங்கள். நம் ஊர் ஈஸ்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு நாள்.

அப்புறம், நேரில் கூப்பிடும்போது கடைசி 'ஸ்' வராது. "யோர்கோ!" என்றுதான் கூப்பிட வேண்டும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அங்கே வழக்கம் என்பதால், ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகள் மூன்று பேர் யோர்கோஸாக இருக்கலாம். அப்போது அப்பா பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். 'யோர்கோஸ் து கோஸ்தா' என்றால் கோஸ்தாஸ் மகன் யோர்கோஸ்.