ஒரே ஒரு கதையை வைத்துக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது எப்படி?

வீட்டில் ஆங்கிலம் பேசாத, ஆறிலிருந்து பத்து வயதுக் குழந்தைகளுக்கான முறை இது. ஒரே கதை ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

1. கதை
ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வர வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்களே கட்டிக்கொள்ளலாம். நான் சொல்லும் கதை இது: யானைக்குத் தூக்கம் வருகிறது. முயல் வளைக்குப் போய், "கேன் ஐ ஸ்லீப் ஹியர்?" என்கிறது. "நோ, நோ! யூ ஆர் டூ பிக்!" என்கிறது முயல். அப்புறம் குருவிக்கூடு, நாய்க்கூண்டு. எங்கே போனாலும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் மரத்தடியில் படுக்கிறது. அங்கே ஒரு சுண்டெலி வந்து யானையிடம் அதே கேள்வியைக் கேட்கிறது.

2. சொற்கள்
முதலில் ஐந்தாறு சொற்கள் போதும், செய்கையோடு. 'ஸ்லீப்' என்றால் கன்னத்தில் கை. 'பிக்' என்றால் இரண்டு கையையும் விரிக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இந்த உடலசைவை வைத்தே ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார். படங்களுக்குக் கரும்பலகையும் சாக்பீஸும்தான் என் தேர்வு. வீடியோ வேண்டாம். குழந்தையின் முகம் பார்த்து அது நிற்காது.

3. சொல்வது
பலரும் தடுமாறும் இடம் இதுதான். குழந்தை விழிப்பதைப் பார்த்ததும் வாக்கியத்துக்கு வாக்கியம் தாய்மொழியில் சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அடுத்து எப்படியும் அர்த்தம் வரும் என்று தெரிந்துவிட்டால், ஆங்கிலத்தைக் காதில் வாங்கவே மாட்டார்கள். கதை எதைப் பற்றியது என்று தொடங்கும் முன் ஒரு வரி சொல்லுங்கள். நடுவில் படம், செய்கை, குரல் மாற்றம் மட்டும்.

நாய்க்கூண்டு வந்ததும், "நோ, நோ! யூ ஆர்..." என்று நிறுத்திவிட்டு அவர்களைப் பாருங்கள். யாரும் வாய் திறக்காத அந்தச் சில நொடிகளில் பதிலை நீங்களே சொல்லிவிடக் கூடாது. மெதுவாகக் கைகளை மட்டும் விரியுங்கள். ஒரு மூலையிலிருந்து "டூ பிக்!" வரும். மறுமுறை கதை சொல்லும்போது பாதி வகுப்பு கத்தும்.

4. கேள்விகள்
எளியதிலிருந்து ஏறுங்கள். "இஸ் த எலிஃபன்ட் பிக்?" எஸ், நோ போதும். அப்புறம் "ராபிட் ஆர் டாக்?" கடைசியாகத்தான் "ஹூ இஸ் ஸ்லீப்பிங்?" முதலிலேயே 'ஹூ', 'ஒய்' கேட்டால் வகுப்பு உறைந்துவிடும்.

5. நடிப்பு
மறுநாள் குழந்தைகளே யானை, முயல். அதற்கடுத்த நாள் புது விலங்குகளை அவர்களே சேர்க்கட்டும். எழுதுவதெல்லாம் அப்புறம்.

பின்னர் சேர்த்தது: "என் மகள் வாயே திறப்பதில்லை" என்று சிலர் கேட்டார்கள். புது மொழி கற்கும் குழந்தைகள் பலர் முதலில் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். செய்கை சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். "யூ டூ பிக்" என்று சொன்னாலும் நிறுத்தித் திருத்தாமல், "எஸ், யூ ஆர் டூ பிக்!" என்று யானையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.