வாடகை வீட்டை விற்று இன்னொன்று வாங்குகிறீர்களா? 1031-க்கு யாரை, எப்போது கூப்பிடுவது

அமெரிக்காவில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை விற்று இன்னொரு வாடகைச் சொத்து வாங்கினால், லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம். வரிச் சட்டத்தின் 1031-ஆம் பிரிவு தரும் சலுகை இது. குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. இங்கே விற்றுச் சென்னையில் ஃபிளாட் வாங்கலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. முடியாது, அமெரிக்கச் சொத்துக்கு அமெரிக்கச் சொத்துதான்.

1. முதலில் சிபிஏ, அதாவது உங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் கணக்காளர். விற்றால் வரி எவ்வளவு வரும், இதுவரை எடுத்த டிப்ரிசியேஷன் (வீட்டின் தேய்மானத்துக்காக ஆண்டுதோறும் கழித்த தொகை) எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். வரி சொற்பம் என்றால் இந்த அலைச்சலே வேண்டாம்.

2. அடுத்து குவாலிஃபைட் இன்டர்மீடியரி, அதாவது விற்ற பணத்தை வைத்திருக்கும் இடையாள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். க்ளோசிங்குக்கு, அதாவது விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாளுக்கு, முன்பே இவரோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். பணம் ஒரே ஒரு நாள் உங்கள் கணக்குக்கு வந்தாலும் சலுகை போச்சு. கடந்த 2 ஆண்டுகளில் உங்களுக்கு வேலை பார்த்த சிபிஏ, வக்கீல், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் யாரும் இடையாளாக இருக்க முடியாது, தம்பியும் கூடாது.

கட்டணம் குறைவு என்று மட்டும் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள். 2008-இல் லேண்ட்அமெரிக்காவின் 1031 நிறுவனம் திவாலானபோது வாடிக்கையாளர் பணம் சிக்கிக்கொண்டது. என் பணம் தனிக் கணக்கில் இருக்குமா, என் கையெழுத்தில்லாமல் வெளியே போகுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

3. விற்பனை க்ளோசிங். விற்பனையை முடித்துத்தரும் டைட்டில் கம்பெனியிடமோ வக்கீலிடமோ இது 1031 என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் நேராக இடையாளுக்குப் போக வேண்டும். வங்கி விவரம் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். ஏற்கெனவே கையில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு உறுதிசெய்யுங்கள்.

4. அன்றிலிருந்து 45 நாளுக்குள், வாங்க நினைக்கும் சொத்துகளை எழுதிக் கையெழுத்திட்டு இடையாளிடம் கொடுக்க வேண்டும். 3 சொத்து வரை, மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் குறிக்கலாம். 45-ஆம் நாள் ஞாயிறாக இருந்தாலும் கெடு நீளாது. ஆகவே விற்கும் முன்பே வீடு தேடத் தொடங்குங்கள்.

5. விற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் வாங்கி முடிக்க வேண்டும். மிச்சப் பணத்தைக் கையில் எடுத்தால் அதற்கு வரி உண்டு. அப்புறம் வரித் தாக்கலோடு, இந்தப் பரிமாற்றத்தைத் தெரிவிக்கும் 8824 படிவம். ஒரு பொறி இருக்கிறது: நவம்பரில் விற்றால், 180 நாள் முடியும் முன்பே ஏப்ரல் தாக்கல் தேதி வந்துவிடும், கெடுவும் அதோடு முடியும். சிபிஏவிடம் தாக்கல் தேதியைத் தள்ளிவைக்கும் எக்ஸ்டென்ஷன் போடச் சொல்லுங்கள்.