பிள்ளைக்காகக் குரல் கொடுக்கும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு தந்தை என்னிடம் வந்து, கைப்பேசியில் இருந்த மகனின் படத்தைக் காட்டி, "இவன்தான் என் பையன், இவனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லுங்கள்" என்றார். அவர் கண்களில் இருந்த பெருமிதம் உண்மையானது. மகனைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளை வெறுக்கும் பெற்றோருக்காக நான் இதை எழுதவில்லை. பிள்ளையின் மேல் உயிரையே வைத்துக்கொண்டு இந்தத் தவறுகளைச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளையைக் கேட்காமல் மேடையேறுவது

2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், என் மகனின் பெயர், படித்த கல்லூரி, வேலை பார்க்கும் ஊர் என எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரோ எடுத்த காணொளி உறவினர் குழுக்களில் சுற்றி, அவன் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை எட்டியது. பத்தே நாளில் அவன் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. குற்றமல்ல என்று சொன்ன தீர்ப்பு, வாடகைக்கு வீடு தர மறுப்பவரைத் தடுப்பதில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. "யார்கிட்ட எப்போ சொல்றதுங்கிறது ஒண்ணுதான் என் கையில இருந்தது. அதையும் நீ எடுத்துக்கிட்டியேம்மா" என்றான். அந்தக் குரல் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் வேறு பெற்றோர் இதே தவறைச் செய்யும்போது கோபம் வருகிறது.

1972 ஜூனில் நியூயார்க்கில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பேரணியில், பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பெற்றோர் ஒன்றுபட வேண்டும் என்று எழுதிய அட்டையோடு ஜீன் மான்ஃபோர்டு என்ற அமெரிக்கத் தாய் நடந்தபோது, அவருடைய மகன் மார்ட்டியும் உடன் நடந்தார். எங்கள் பிள்ளைகள் பலர் அப்படி வெளியே வர இன்னும் முடியவில்லை. ஆகவே பெயர், படம், ஊர், உறவினருக்குத் தெரியலாமா என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். போன ஆண்டு கிடைத்த சம்மதம் இந்த ஆண்டுக்குச் செல்லாது. அவனுடைய வேலையும் வீடும் அதற்குள் மாறியிருக்கும்.

"குணப்படுத்துகிறேன்" என்பவரிடம் அழைத்துப் போவது

போகாதீர்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்ய உத்தரவிட்டிருக்கிறது.

சொல் தெரியவில்லை என்று வாய்மூடியிருப்பது

2022இல் தமிழக அரசு அரசிதழில் நம் பிள்ளைகளை மரியாதையோடு குறிப்பிடும் சொற்பட்டியலையே வெளியிட்டுவிட்டது.

தனியாளாக நிற்பது

2023இல் 'ஸ்வீகார்' அமைப்பைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட பெற்றோர், தங்கள் பிள்ளைகளுக்குத் திருமண உரிமை கோரி இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த உரிமையைத் தரவில்லை. ஆயினும் பலர் சேர்ந்து கையெழுத்திடும்போது எந்த ஒரு பிள்ளையின் வாழ்க்கையையும் தனியே எடுத்துக்காட்ட வேண்டியிருப்பதில்லை; எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

இக்கட்டுரையை முதலில் மகனுக்கு அனுப்பினேன். ஊரின் பெயர் இருந்த ஒரு வரியை மட்டும் நீக்கித் திருப்பி அனுப்பினான்.