மெஷ் மாறிவிட்டதா? எல்லா நோடுகளையும் நகர்த்தாதீர்கள்

கணினியில் கணக்கிட ஒரு பொருளையோ பரப்பையோ சிறு துண்டுகளாக்கிய வலைதான் மெஷ். அதன் புள்ளிகள் நோடுகள், அவற்றை இணைக்கும் கோடுகள் எட்ஜ்கள். பெரிய மெஷ்ஷைப் பல ப்ராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. பாகங்கள் ஏறக்குறைய சம எடையில் இருக்க வேண்டும், நடுவே வெட்டுப்படும் எட்ஜ்கள் குறைவாக இருக்க வேண்டும்.

முதல் தடவை பிரிக்க மெட்டிஸ் என்ற மென்பொருள் போதும். அதற்குக் கொடுக்கும் கோப்பின் முதல் வரியில் நோடு எண்ணிக்கை, எட்ஜ் எண்ணிக்கை. அப்புறம் ஒவ்வொரு வரியிலும் ஒரு நோடின் அக்கம்பக்கத்து நோடுகள். எண்கள் 1-இல் தொடங்கும். ஒவ்வொரு எட்ஜும் கீழே இரண்டு இடத்தில் வரும், முதல் வரியில் மட்டும் அதை ஒரு முறைதான் எண்ண வேண்டும். கோப்பில் பிழை என்று வந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் இது.

மெட்டிஸ் நோடுகளை ஜோடி சேர்த்துச் சேர்த்துக் கிராஃபை, அதாவது இந்த நோடு-எட்ஜ் அமைப்பை, சுருக்கும். சுருங்கியதைப் பிரித்துவிட்டு, மறுபடி விரிக்கும்போது படிக்குப் படி எல்லையைத் திருத்தும். இந்தத் திருத்தத்தின் வேர் 1970-இல் கெர்னிகனும் லின்னும் வெளியிட்ட முறை. அதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 'அ' நோடுக்கு எதிர்ப்பக்கம் 3 எட்ஜ், தன் பக்கம் 1. நகர்த்தினால் லாபம் 2. எதிர்ப்பக்கத்து 'ஆ'வுக்கு வெளியே 2, உள்ளே 1. லாபம் 1. இரண்டையும் இடம் மாற்றினால் வெட்டு 3 குறையுமா? இரண்டுக்கும் இடையில் எட்ஜ் இல்லையென்றால் குறையும். இருந்தால், மாற்றிய பிறகும் அது வெட்டுப்பட்டேதான் கிடக்கும். அதற்காக 2 கழியுங்கள். நிஜ லாபம் 1.

நஷ்டம் வந்தாலும் இந்த முறை உடனே நிற்காது. மாற்றிய ஜோடியைப் பூட்டிவிட்டு மேலே போகும். கடைசியில் மொத்த லாபம் உச்சத்தில் இருந்த இடம் வரைக்கும் உள்ள மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். இதன் அழகே அந்தப் பொறுமைதான்.

சரி, ஓட்டத்தின் நடுவில் மெஷ் ஓரிடத்தில் நுணுக்கமாகி, ஒரு ப்ராசஸரில் மட்டும் சுமை ஏறுகிறது. திரும்பவும் முதலிலிருந்து பிரித்தால் வெட்டு நன்றாகவே வரும். ஆனால் 3-ஆம் பாகமாக இருந்தது 7 ஆகிவிடலாம். இடம் மாறத் தேவையே இல்லாத தரவும் நெட்வொர்க்கில் ஓடும். அப்படிப் பிரித்தே ஆக வேண்டுமென்றால், பழைய பாகத்தோடு அதிகம் ஒத்துப்போகும் புதிய பாகத்துக்குப் பழைய எண்ணையே கொடுங்கள். சுமை கொஞ்சம்தான் சாய்ந்திருக்கிறது என்றால் எல்லையோர நோடுகளைப் பக்கத்துப் பாகத்துக்குத் தள்ளினாலே போதும். நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

பல ப்ராசஸர்களில் ஓடும் மெட்டிஸ்தான் பார்மெட்டிஸ். அதன் மறுபகிர்வில் ஐடிஆர் என்ற எண் உண்டு: ப்ராசஸர்கள் தங்களுக்குள் பேச ஆகும் நேரத்துக்கும் தரவை நகர்த்த ஆகும் நேரத்துக்கும் உள்ள விகிதம். அதைக் கூட்டினால் வெட்டைக் குறைக்கப் பார்க்கும், குறைத்தால் நகர்வைக் குறைக்கும். கையேடு சொல்லும் 1000-இல் தொடங்குங்கள். மெஷ் அடிக்கடி மாறினால் இறக்கிப் பாருங்கள். நோடின் கணக்கீட்டு எடையையும் அதை நகர்த்த ஆகும் தரவின் அளவையும் தனித்தனியாகவே கொடுங்கள்.