நாய்க்குச் சாட்டைப்புழு: மருந்தோடு மண்ணையும் கவனியுங்கள்

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களை வளர்ப்பவர்கள், நாய் ஒட்டி உலர்ந்து இருப்பதைத்தான் அழகு என்பார்கள். அது சரிதான். ஆனால் பெருங்குடலில் வாழும் சாட்டைப்புழு தாக்கி நாய் இளைத்தாலும், "சாதியே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். மலம் கழிக்கும்போது கடைசியில் சளியும் சிவப்பு ரத்தமும் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ தள்ளிப்போட வேண்டாம்.

"மலத்தில் புழுவே இல்லையே" என்பார்கள். உருண்டைப்புழு, நாடாப்புழு கண்ணில் படும், ஆனால் இது படுவது அபூர்வம். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழு, மெல்லிய முன்பகுதியைப் பெருங்குடல் சுவரில் செருகிக்கொண்டு கிடக்கும். முட்டையையும் விட்டுவிட்டுத்தான் போடும். அதனால் ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், அறிகுறி தொடர்ந்தால் புது மலத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கமாக இருந்தால் அங்கேயே காட்டலாம்.

கடையில் ஏதோ ஒரு பூச்சி மாத்திரை வாங்கிப் போடுவது அடுத்த தவறு. பைரான்டலும் பிராசிகுவான்டலும் மட்டும் உள்ள மாத்திரை சாட்டைப்புழுவை அசைக்காது. வேப்பங்கொழுந்து உருண்டையையும் நம்பி இருக்காதீர்கள். ஃபென்பெண்டசோல் போன்ற மருந்தை எடைக்குத் தக்கபடி மருத்துவர் எழுதித் தருவார், வழக்கமாக மூன்று நாள் தொடர்ந்து. அப்புறம் மூன்று வாரத்திலும் மூன்று மாதத்திலும் திரும்பக் கொடுக்கச் சொல்வார். பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். நாய் தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து என்று நினைக்கிறார்கள். வயிற்றுக்குள் போன முட்டை, புழுவாகி வளர்ந்து தானே முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். முதல் மருந்துக்குத் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் வளர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் மண். மலத்தோடு விழும் முட்டை உடனே தொற்றாது. ஈர மண்ணில் சில வாரம் கிடந்து முற்றிய பிறகுதான் தொற்றும், பிறகு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபினாயில் தெளிப்பதால் இந்த முட்டை சாகாது. அதைக் கொல்வது வெயிலும் மண் ஈரமில்லாமல் காய்வதும்தான், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இருந்தும் நாயைக் குழாயடி வாழைத் தூரிலோ தொழுவின் ஈரத்திலோ கட்டிப்போடுகிறோம். காய்ந்த சிமெண்ட் தரைக்கு மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

புழு மிகுந்த நாய் சில நேரம் வாந்தி எடுத்துத் தள்ளாடி விழும். ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறிவிடுவதால் வருவது இது. உப்புத் தண்ணீர் புகட்டிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அதற்கு டிரிப் ஏற்ற வேண்டும். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.