பழைய கொலுசை உருக்குமுன்: கைவினை நகை செய்ய வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"புது வெள்ளி வாங்குவதில்லை, பழசை உருக்கித்தான் செய்கிறேன்" என்று சொல்லி நகைத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் முதல் தவறு அந்தப் பழைய வெள்ளியில்தான் நடக்கிறது.

பாட்டியின் கொலுசை அப்படியே மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) போட்டு உருக்கி, அதில் மோதிரம் செய்து 925 என்று விற்கிறார்கள். 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி; மீதி பெரும்பாலும் செம்பு. பழைய கொலுசில் எத்தனை பங்கு வெள்ளி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டவைக்க உருக்கிய பற்றுப்பொடி (சால்டர்) வேறு சேர்ந்திருக்கும். டச் (நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்ற அளவு) பார்த்து, சுத்திகரிக்கக் கொடுத்த பிறகே கலவை போடுங்கள். என் நோட்டில் இருக்கிற ஒரு கணக்கு: கொலுசு 180 கிராம், டச் 68, கைக்கு வந்த சுத்த வெள்ளி 122 கிராம், அதை 925 ஆக்கச் சேர்த்த செம்பு 9.9 கிராம். அச்சு வாங்கி 925 என்று நாமே குத்திக்கொள்வது ஹால்மார்க் ஆகாது. அதை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகரித்த மையம்தான் போட வேண்டும்.

அடுத்தது அந்தப் பற்றுப்பொடி. கேடிஎம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம், அது கேட்மியம் என்ற உலோகம் கலந்த பொடி. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். கேட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலுக்கு முன்னால் குனிந்திருப்பவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் அந்தப் புகை போய்ச் சேரும். கேட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. கடையில் வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மன் சில்வரை வெள்ளி வகை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளி துளியும் கிடையாது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது புண்ணாகிவிடும்.

கல் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. உலோகத்தைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கிறவர்கள் மணிச்சரத்தைப் பேசாமல் வாங்கிவிடுகிறார்கள். கீழடியில் கிடைத்த அந்தச் சிவந்த சூதுபவள மணியை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே கல்லையும் அகேட் என்கிற இன்னொரு மணிக்கல்லையும் இன்றைக்கும் குஜராத்தின் கம்பாத்தில் வீடுகளில் வைத்துத் தேய்க்கிறார்கள். அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்துச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இறந்தவர்கள் அங்கே ஏராளம். கல் எந்த ஊர்ச் சுரங்கம் என்று கேட்டால் மட்டும் போதாது. யார் தேய்த்தார்கள், ஈரம் விட்டுத் தேய்த்தார்களா, தூசியை உறிஞ்சும் இயந்திரம் இருந்ததா என்றும் கேளுங்கள். வியாபாரிக்குப் பதில் தெரியவில்லை என்றால் "நியாயமாகத் தேய்த்த கல்" என்று எழுதி விற்காதீர்கள்.

கடைசியாகக் கூலி. ஒரு ஜோடித் தோட்டுக்கு அரை நாள் அரம் பிடித்து, மெருகேற்றிவிட்டு, வெள்ளி விலையோடு நூறு ரூபாய் மட்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பெரிய கடையில் செய்கூலி, சேதாரம் என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிற ஊர் இது. நீங்களும் மணிக்கணக்கு எழுதி, செய்கூலியைப் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். அரப்பொடியைத் தட்டில் பிடித்துச் சேர்த்து வையுங்கள். அடுத்த உருக்கலில் அதுவும் வெள்ளிதான்.