மாணவர் வலைப்பதிவு: முதல் நாளே சரியாகச் செய்ய வேண்டியவை

வலைப்பதிவு தொடங்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறோம்: எந்த மின்னஞ்சலில் கணக்கு, என்ன முகவரி, ஒவ்வொரு பதிவின் லிங்க்கும் எப்படி அமையும். இந்த மூன்றையும் பிறகு மாற்றினால் சேதம்தான். பலர் இவற்றை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டு, தீம், அதாவது தளத்தின் தோற்றம், தேடுவதில் ஒரு வாரத்தைக் கழிக்கிறார்கள். தீம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் பிறகு பார்ப்போம்.

காசு செலவில்லாமல் தொடங்க பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை போதும். 2003 முதல் கூகுள் வசம் இருக்கிறது. போனிலிருந்தே எழுதலாம். சொந்த டொமைன் (நீங்களே விலைக்கு வாங்கும் இணைய முகவரி) இணைக்க பிளாகர் தனியாகப் பணம் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர்களுக்கு கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசத் தளச் சேவை பொருத்தம், கூடவே கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியும் பழகிவிடும். ஆனால் இலவசக் கணக்கில் ரெபாசிட்டரி (கோப்புகளை வைக்கும் இடம்) பொதுவில்தான் இருக்க வேண்டும், உங்கள் அரைகுறை வரைவுகளையும் யாரும் திறந்து பார்க்கலாம். தளத்தின் அளவும் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். இனி வருவதெல்லாம் பிளாகரை வைத்து.

கணக்கும் முகவரியும்

கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் ஐடியில் தொடங்கவே வேண்டாம். படிப்பு முடிந்த பிறகு அந்த ஐடியை மூடிவிட்டால், எழுதியதெல்லாம் இணையத்தில் தெரியும், திருத்தத்தான் வழி இருக்காது. சொந்த ஜிமெயிலில் தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அப்போது கூகுள் 10 பேக்கப் கோடுகள் (அவசரத்துக்கான ரகசிய எண்கள்) தரும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மாணவர்கள் சிம் மாற்றுவது சகஜம். பழைய நம்பருக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால் இந்த எண்களில் ஒன்றுதான் கைகொடுக்கும். செட்டிங்ஸில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய், உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலையும் அட்மினாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

முகவரிக்கு ஒரு சோதனை: காட்பாடியில் ரயில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வாயால் சொன்னால் அவர் ஒரே தடவையில் சரியாக டைப் செய்ய வேண்டும். ழகரம் வரும் பெயரை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், நெடிலும் அப்படித்தான். நடுவில் கோடு, எண், சேர்ந்த ஆண்டு, துறையின் பெயர் எதுவும் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் பேட்ச் எண் பழசாகிவிடும்.

சொந்த டொமைன் கட்டாயமில்லை. வாங்குவதென்றால் முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள். அது பல மடங்கு இருக்கும், எழுத்தும் பொடியாக இருக்கும். இணைப்பதற்கு டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் பக்கத்தில், முகவரி எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் 'சி-நேம்' குறிப்பு இரண்டு போட வேண்டும். 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' என்பது 'ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காம்' என்ற முகவரியைக் காட்ட வேண்டும். இரண்டாவது, உங்களுக்கென்று பிளாகர் தரும் நீளமான சரிபார்ப்பு எழுத்துகள். அதை எழுத்து மாறாமல் காப்பி செய்யுங்கள். உடனே வேலை செய்யவில்லை என்று அடிக்கடி அழித்து அழித்துப் போட்டால் இன்னும் இழுக்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் பொத்தானை இயக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் தளம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் எச்சரிக்கும்.

லிங்க்: தமிழில் எழுதுபவர்கள் கோட்டைவிடும் இடம்

தமிழில் தலைப்பு வைத்து வெளியிட்டால், பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்றும் பின்னால் ஒரு எண்ணும் போட்டு லிங்க் அமைக்கும். முப்பது பதிவு சேர்ந்ததும் எது எதற்குரிய லிங்க் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் வெளியிடும் முன் வலப்பக்கம் இருக்கும் பெர்மாலிங்க்கில் (பதிவின் நிலையான லிங்க்) கஸ்டம் என்பதைத் தேர்ந்து, ரோமன் சிற்றெழுத்தில் மூன்று நான்கு சொற்களை இடைக்கோட்டால் இணைத்துக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த லிங்க்கெல்லாம் செத்துப்போகும்.

வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவுக் கருவியில் சிக்கல் வேறு மாதிரி. அது தமிழையே லிங்க்கில் வைக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக விரியும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'வேலூர்' என்பது 6 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 18. ஒவ்வொரு பைட்டும் லிங்க்கில் மூன்று எழுத்தாகும்போது அந்த ஒரு சொல்லே 54 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதியை 200 எழுத்தோடு நறுக்கிவிடும். நான்காவது சொல்லைத் தாண்டாது.

எழுத்தும் எழுத்துருவும்

தட்டச்சுக்கு போனில் ஜிபோர்டு, கணினியில் தமிழ்99 விசைப்பலகை. எது பழக்கமோ அது, ஆனால் யூனிகோடாக இருக்க வேண்டும். கல்லூரி மலருக்கு டிடிபி கடையில் அடித்த கட்டுரையை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கடைக்காரரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதற்குரிய கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு கொ, கோ வரிசையையும் ஸ்ரீயையும் மேற்கோள் குறிகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான். காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தேடலில் மட்டும் சிக்காது.

வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இல்லையேல் ஒரு பத்தி பெரிதும் ஒரு பத்தி சிறிதுமாக நிற்கும்.

இலவச தீம்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வரி இடைவெளி 1.3 என்று வைத்திருப்பார்கள்; தமிழில் மேல் கொம்பும் கீழ்ச் சுழியும் இடித்துக்கொள்ளும். தீம், கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, ஆட் சிஎஸ்எஸ் என்று போய் இடைவெளியை 1.7, எழுத்தின் அளவை 18 பிக்சல் ஆக்குங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர். இருபுறமும் சமமாக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும், மீதி இடம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒட்டாது. தீம் பற்றி இவ்வளவு போதும்.

படம்

போன் கேமராப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 150 கேபிக்குள் வந்துவிடும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியை பிரவுசரிலேயே திறந்து இதைச் செய்யலாம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: கேமராவில் லொகேஷன் டேக் இயங்கினால் படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கும். வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படம் உங்கள் வீட்டு முகவரிக்குச் சமம். அணைத்துவிடுங்கள்.

என்ன எழுதுவது

'வேலூர்க் கோட்டை வரலாற்றுச் சிறப்பு மிக்கது' என்று தொடங்கும் பதிவு எத்தனையோ தளங்களில் உண்டு. அதைப் படிக்க யாரும் உங்களிடம் வரப்போவதில்லை. அதே கோட்டையைப் பற்றி இப்படித் தொடங்கலாம்: 'கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் வழிபாடு கிடையாது, 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் உள்ளே வந்தது.' அடுத்து எந்த வழியாக நுழைவது, நடை எப்போது சாத்துகிறார்கள், செருப்பை எங்கே விடுவது, நீங்கள் போன தேதி என்ன. தேதி போடாத நேரத் தகவல் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

இப்படி எடுத்துக்கொள்ள வேலூர் வட்டாரத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தார். இன்று அந்தத் தொலைவை டவுன் பஸ்ஸில் போய் எழுதலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளு கத்திரிக்காயை உழவர் சந்தையில் எப்படி அடையாளம் காண்பது என்று எழுதலாம். ஊர்த் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தால் எந்த இரவு எந்தக் கூத்து என்ற பட்டியல் ஒன்றே நல்ல பதிவு.

மாவட்டப் பெயரில் கவனம் தேவை. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூரும் மூன்றாகி, ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. பழைய நூலைப் பார்த்து 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்று எழுதினால் உள்ளூர்க்காரர் முதல் வரியிலேயே மூடிவிடுவார். ஆற்காடு, ஆர்க்காடு இரண்டையும் மக்கள் தேடுவதால், ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை உள்ளேயும் ஓரிடத்தில் வையுங்கள்.

செமஸ்டர் நேரத்தில் தாக்குப்பிடிக்க

வாரம் மூன்று பதிவு என்ற உறுதிமொழி முதல் இன்டர்னல் தேர்வு வரைதான் நிற்கும். மாதம் இரண்டு போதும். ஐந்து பதிவை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு தளத்தைத் திறங்கள், தேர்வு மாதங்களுக்கு அவற்றை ஷெட்யூல் செய்யுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில் டைம் ஸோனைப் பாருங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்தால், காலை 6 மணிக்கு என்று வைத்த பதிவு நமக்கு மாலை 6.30க்கோ 7.30க்கோதான் வெளிவரும். கொல்கத்தா, +5.30 என்று மாற்றுங்கள்.

கூகுளில் வர, அதன் சர்ச் கன்சோல் பக்கத்தில் தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (தளத்தின் பக்கப் பட்டியல்) கொடுத்தால் சரி. புதுத் தளம் தேடலில் தெரிய வாரங்கள் ஆகலாம்.

விளம்பர வருமானம்: கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு 2018இல் வந்தது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தபால் வார்டன் மேசையிலேயே தங்கிவிடும், வீட்டு முகவரி கொடுங்கள். மாதம் இரண்டு பதிவு போடும் மாணவர் தளத்தில் அந்த 100 டாலர் சேர ஆண்டுகள் பிடிக்கலாம். விளம்பரம் இல்லாமல் பக்கம் வேகமாகத் திறப்பதே முதல் இரண்டு வருடத்துக்கு லாபம்.

செமஸ்டருக்கு ஒருமுறை செட்டிங்ஸில் பேக்கப் கன்டென்ட் அழுத்தி கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எழுத்து வரும், படத்தை நம்பி இருக்க வேண்டாம். மூலப் படங்களை பதிவின் லிங்க் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு பென்டிரைவில் தனியாக வையுங்கள்.